இடம் பார்த்து விழிக்கும் குடல் கிருமிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நல்ல வெயில் நாளில் மதியம் 33 டிகிரி அடிக்கும். நம் உடம்புக்குள் 37. இடையிலுள்ள நான்கு டிகிரியை நாம் பொருட்படுத்துவதில்லை. ஷிகெல்லா பொருட்படுத்துகிறது. சீதபேதி தரும் இந்தக் கிருமி, ஆளின் குடலுக்குள் வந்துவிட்டோமா, இன்னும் சாக்கடையோரம்தான் கிடக்கிறோமா என்பதை முதலில் சூட்டை வைத்துத்தான் கணிக்கிறது.

"கிருமி உள்ளே போச்சு, நோய் வந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நடுவில் நடக்கும் வேலை பெரியது. நோய் உண்டாக்கும் கருவிகளைச் செய்யக் கிருமிக்குச் செலவு அதிகம். டைஃபாய்டும் உணவு நச்சும் தரும் சால்மொனெல்லாவில் அந்தக் கருவியைச் செய்யத் தொடங்கிய கிருமி, செய்யாத பக்கத்துக் கிருமியைவிட மெதுவாகத்தான் பெருகும். அதனால் அந்த மரபணுக்களைப் பூட்டி வைத்து, இடமும் நேரமும் பார்த்துத் திறக்கிறது. அந்தப் பூட்டு எப்படித் திறக்கிறது என்று தெரிந்தால், தோட்ட டிரஸ்ஸர் காலத்திலிருந்து நமக்குச் சொல்லப்படும் பல விதிகளுக்குக் காரணம் விளங்கும். காரணம் விளங்காத விதியை யாரும் நெடுநாள் கடைப்பிடிப்பதில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஷிகெல்லாவிலிருந்தே தொடங்கலாம். அதன் ஆயுதங்கள் முதன்மைக் குரோமோசோமில் இல்லை. ஏறக்குறைய 2,20,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள தனி வளையம் ஒன்றில் இருக்கின்றன. பிளாஸ்மிட் என்பது அதுதான். குடல் செல்லைத் துளைத்துப் புரதங்களைச் செலுத்தும் ஊசி போன்ற கருவியின் மரபணுக்கள் அதில் வரிசையாக உள்ளன. அவற்றைத் திறக்க விர்பி என்ற புரதம் வேண்டும். விர்பியைத் திறக்க விர்எஃப் வேண்டும். விர்எஃப்பின் வாசலில் ஹெச்-என்எஸ் என்ற காவல் புரதம் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாசலில் டி.என்.ஏ. இழை இயல்பாகவே வளைந்திருக்கும். 32 டிகிரிக்குக் கீழே அந்த வளைவு நன்றாக நிற்கும்; ஹெச்-என்எஸ் வளைவின் இரு பக்கமும் பிடித்து இறுக்கிவிடும், மரபணுவைப் படிக்க வரும் நொதிக்கு இடம் கிடைக்காது. சூடு ஏற ஏற வளைவு நிமிர்கிறது, பிடி தளர்கிறது, விர்எஃப் உருவாகிறது. கிருமியின் சூடுமானி அந்த டி.என்.ஏ.வின் வடிவமேதான், தனியாக வேறு உறுப்பு அதற்குக் கிடையாது. 37 டிகிரியில் வளர்ந்த ஷிகெல்லா மனிதச் செல்லுக்குள் நுழைகிறது, அதே ஷிகெல்லா 30 டிகிரியில் வளர்ந்தால் நுழைவதில்லை என்று 1984-இல் மாரெல்லி குழுவினர் காட்டினார்கள். மறுபடி 37-க்கு மாற்றினால் திறன் திரும்பிவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நம் ஊர் மதியமே 33 டிகிரி என்றால், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) தட்டிலேயே அது விழித்துக்கொள்ளாதா? சூடு ஒன்று மட்டும் போதாது. சுற்றுப்புறத்தின் அமிலத்தன்மையும் உப்பின் அளவும் குடலுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும்; விர்எஃப்பும் ஒரு மட்டத்துக்கு மேல் சேர வேண்டும், அப்போதுதான் விர்பி கிளம்பும். படிக்குப் படி தடை வைத்த ஏற்பாடு இது. தவறுதலாக விழிக்கும் கிருமி பட்டினி கிடக்கும் என்பதால் பரிணாமம் இதைக் கறாராக வைத்திருக்கிறது.

ஆய்வகத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காங்கோ ரெட் சாயம் கலந்த தட்டில் 37 டிகிரியில் வளர்த்தால், பிளாஸ்மிட் உள்ள ஷிகெல்லா சாயத்தைப் பிடித்துச் சிவப்பாக வரும். இழந்தது வெள்ளையாக வரும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் வெள்ளை கூடிக்கொண்டே போகும். தேவையற்ற இடத்தில் ஆயுதம் செய்யும் செலவைத் தவிர்த்தவை முந்திவிடுகின்றன. பிளாஸ்மிடில் மட்டும் உள்ள மரபணுவைத் தேடி பி.சி.ஆர். செய்தால், இப்படி இழந்த மாதிரியில் "இல்லை" என்று தவறாக வரும். குரோமோசோமிலும் பல நகல்களாக உள்ள இப்ஏஹெச் மரபணுவைத் தேடுவது இதனால்தான்.

ஷிகெல்லா 10 முதல் 100 கிருமிகள் போனாலே நோய் தரும். வயிற்று அமிலத்தைத் தாங்கும் மரபணுக்களை அது முன்கூட்டியே இயக்கி வைத்துக்கொண்டு வருவது இதற்கு ஒரு காரணம். காலராவில் கணக்கு வேறு: தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகளில் வெறும் தண்ணீரோடு கொடுத்தபோது 10 கோடிக்கும் அதிகமான கிருமிகள் தேவைப்பட்டன, சோடா உப்பால் வயிற்று அமிலத்தைக் குறைத்தபின் 10,000 போதுமானதாக இருந்தது. கேஸ்டிரிக்குக்காகத் தினமும் அமிலத் தடுப்பு மாத்திரை போடுபவர்கள் பலர் நம் ஊரில் இருக்கிறார்கள். வெளிச்சாப்பாட்டில், அதுவும் அரைவேக்காட்டுக் கிராங் சிப்பியில், அவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை; கிராங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்கிறேன்.

ஹெச்-என்எஸ் பற்றி இன்னொரு செய்தி. பாக்டீரியா வெளியிலிருந்து வாங்கிய மரபணுக்களில் ஏ, டி எழுத்துகள் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடித்து அமுக்குவதே ஹெச்-என்எஸ்ஸின் தொழில் என்று 2006-இல் சால்மொனெல்லாவில் தெரிய வந்தது. நோய் தரும் மரபணுக்கள் பெரும்பாலும் இரவல் சொத்து. அதனால் அவை இயல்பில் பூட்டியே கிடக்கின்றன. ஒவ்வொரு கிருமியும் தனக்கேற்ற திறவுகோலைப் பிறகு உருவாக்கிக்கொண்டது.

காலராவின் கதை இதில் மிகச் செழிப்பானது. நோய்க்குக் காரணம் அதன் நச்சுதான் என்பதை 1959-இல் கல்கத்தாவில் எஸ்.என். டே, முயலின் குடலைக் கட்டிச் செய்த சோதனையில் காட்டினார். அந்த நச்சின் மரபணு கிருமியின் சொந்தப் பொருள் அல்ல, ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996-இல் வால்டரும் மெக்கலானோஸும் கண்டார்கள். குடலில் ஒட்டிக்கொள்ளக் கிருமி நீட்டும் மயிர் போன்ற இழைகளையே அந்த வைரஸ் வாசலாகப் பயன்படுத்துகிறது. இழையும் நச்சும் ஒரே பொத்தானில் இயங்குவதால், கிருமி ஒட்டத் தயாராகும்போதே வைரஸும் உள்ளே வரலாம். காலராக் கிருமியின் பெயர் விப்ரியோ காலரே; ஆற்றிலும் கழிமுகத்திலும் வாழும் விப்ரியோக்களில் பெரும்பாலானவற்றிடம் இந்த நச்சு மரபணு கிடையாது. தண்ணீரில் "விப்ரியோ காலரே உண்டு" என்ற அறிக்கை வந்தால், நச்சு மரபணு சிடிஎக்ஸ்ஏ உள்ளதா என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

பொத்தான் இப்படி வேலை செய்கிறது. உட்சவ்வில் நிற்கும் டாக்ஸ்ஆர், டிசிபிபி என்ற இரண்டு புரதங்கள் வெளிநிலையை உணர்ந்து டாக்ஸ்டி என்ற புரதத்தைச் செய்யச் சொல்கின்றன. டாக்ஸ்டி போய் நச்சு, இழை இரண்டின் மரபணுக்களையும் திறக்கிறது. டாக்ஸ்டியின் செய்தி ஆர்.என்.ஏ.வும் குளிரில் தன் மேலேயே மடிந்து மூடிக்கொள்ளும், 37 டிகிரியில் விரியும். டாக்ஸ்டி உருவானாலும் உடனே வேலை செய்யாது. 2010-இல் அதன் வடிவத்தைப் படமெடுத்தபோது, நடுவில் ஒரு கொழுப்பு அமிலம் உட்கார்ந்திருந்தது. நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும்வரை டாக்ஸ்டி டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியாது. குடலின் நடுவில் பித்தமும் செரித்த கொழுப்பும் நிறைய. அங்கே கிருமி அடங்கி நீந்துகிறது. சளிப்படலத்தைத் துளைத்துக் குடற்சுவரை நெருங்கும்போது கொழுப்பு அமிலம் குறைகிறது, குடற்சுவர் சுரக்கும் பைகார்பனேட் கூடுகிறது. பைகார்பனேட் டாக்ஸ்டிக்கு ஊக்கி. சரியாக ஒட்ட வேண்டிய இடத்தில் ஆயுதம் வெளியே வருகிறது.

செம்பனைக் காட்டைச் சுற்றி வாழும் நமக்கு உடனே ஒரு எண்ணம் வரும்: செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஒலேயிக் அமிலம்தானே, அது டாக்ஸ்டியை அடக்குமே என்று. எண்ணெயில் அது கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது. குடலில் விடுபட்டவுடன் நாமே உறிஞ்சிக்கொள்கிறோம். கிருமி இருக்கும் குடற்சுவர் ஓரத்தில் அது நிற்பதில்லை. ஆகையால் எண்ணெய் குடித்துக் காலராவைத் தடுக்க முடியாது. இந்தப் பலவீனத்தைக் குறிவைத்த மருந்து கிடைக்குமா என்ற தேடல் மட்டும் நல்ல தேடல். சால்மொனெல்லாவில் நுழைவுக் கருவியைத் திறக்கும் ஹில்டி புரதத்தையும் இதே போன்ற கொழுப்பு அமிலங்கள் அடக்குகின்றன.

காலராவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: கூட்டம். கிருமிகள் சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டு, அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்துத் தங்கள் எண்ணிக்கையை அறிகின்றன. பல கிருமிகள் கூட்டம் சேர்ந்த பிறகே தாக்கும். காலரா இதற்கு நேர்மாறு. கொஞ்சமாக இருக்கும்போது ஏபிஹெச்ஏ என்ற புரதம் நச்சுப் பொத்தானை அழுத்துகிறது. நிறையச் சேர்ந்ததும் ஹாப்ஆர் வந்து அதை அணைத்து, பிடியை அறுக்கும் நொதியைச் செய்கிறது. கிருமிகள் பேதியோடு கூட்டமாக வெளியேறுகின்றன. நோயாளியின் வயிற்றிலிருந்து அப்போதுதான் வந்த கிருமி, ஆய்வகத்தில் வளர்த்ததைவிட எளிதாக அடுத்தவரைத் தொற்றும் என்று 2002-இல் வங்காளதேச நோயாளிகளின் மாதிரிகளில் கண்டார்கள். அந்த நிலை சில மணி நேரம் நீடிக்கும்.

வீட்டில் இதன் பொருள் மிகத் தெளிவு. வாந்தியையும் பேதியையும் "அப்புறம் கழுவலாம்" என்று விடக் கூடாது. வீட்டு பிளீச் 5.25 விழுக்காடு என்றால், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர்; அது ஏறக்குறைய 0.5 விழுக்காடு குளோரின். கையுறை போட்டு, அழுக்கை முதலில் துணியால் எடுத்துவிட்டு, ஊற்றிப் பத்து நிமிடமாவது விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கிலேயே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. காலையில் கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், வெயிலிலும் திறந்த வாளியிலும் வலு போய்விடும். கழிப்பறை அமிலத் திரவத்தோடு கலந்தால் நச்சுவாயு வரும்; ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

தண்ணீரில் விப்ரியோ தனியாக மிதப்பதைவிட நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் ஓட்டில் ஒட்டி வாழ்வதே அதிகம். வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியில் பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டியபோது காலரா 48 விழுக்காடு குறைந்தது. 2003-இல் வெளியான கணக்கு. புதுப் புடவையைவிடப் பழசுதான் நல்லது, துவைத்துத் துவைத்து நூல் உப்பி ஓட்டைகள் சிறுத்திருக்கும். வெள்ளத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும்போது இது கைக்கு உதவும். ஆனாலும் வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்க வேண்டும். துணி ஷிகெல்லாவைத் தடுக்காது.

டைஃபாய்டு கிருமி வேறு விதமான தந்திரம் செய்யும். குடலின் நடுவில் உப்புச் செறிவு அதிகம். அங்கே அது நுழைவுக் கருவியை இயக்கும், உடல் மேல் போர்வை இருக்காது. சுவரைத் தாண்டித் திசுவுக்குள் போனதும் செறிவு குறைகிறது. உடனே டிவிஏ என்ற புரதம் நுழைவுக் கருவியையும் நீந்தும் சாட்டையையும் அணைத்து, விஐ என்ற சர்க்கரைப் போர்வையைப் போர்த்துகிறது. நம் பாதுகாப்புச் செல்கள் சாட்டையைப் பார்த்துத்தான் கூச்சல் போடும்; சாட்டை மறைந்தால் கூச்சலும் குறைவு. டைஃபாய்டு பெரும்பேதியாகத் தொடங்காமல், நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சலாகத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிளந்தானில் இந்தக் காய்ச்சல் நெடுநாளாகவே உள்ளது. சமையல் ஆட்கள் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போகும் நாட்டில் எந்த ஊரும் ஒதுங்கியிருக்க முடியாது.

உணவுக் கடைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் டைஃபாய்டு ஊசி இந்தப் போர்வையின் சர்க்கரைதான். 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி நம் நாட்டில் உணவு கையாளுபவர்களுக்கு அது கட்டாயம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும். கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடிப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊசி போட்டாலும் கை கழுவுவது குறையக் கூடாது: பாராடைஃபாய்டு ஏ கிருமிக்கு விஐ போர்வையே கிடையாது, இந்த ஊசி அதைத் தடுக்காது.

ஆய்வகத்தில் இதே போர்வை ஒரு பொறி. டைஃபாய்டு என்று சந்தேகப்படும் கிருமியை, ஓ9 என்ற மேற்பரப்பு அடையாளத்தைப் பிடிக்கும் எதிர்ச்சீரத்தோடு கண்ணாடித் தட்டில் கலந்தால் சில சமயம் திரளவே திரளாது. போர்வை ஓ அடையாளத்தை மூடியிருக்கும். கிருமிக் கலவையை 100 டிகிரியில் சுமார் 15 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி பாருங்கள். விஐ சீரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "சால்மொனெல்லா இல்லை" என்று எழுதக் கூடாது.

இரத்தத்தோடு போகும் பேதிக்கு வருவோம். இங்கேதான் நம் மக்கள் பெரிய தவறு செய்கிறார்கள்: போன முறை மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக். ஓ157 போன்ற ஈ.கோலை வகைகளில் ஷிகா நச்சின் மரபணு, கிருமிக்குள் உறங்கும் ஒரு வைரஸின் உடைமை. கிருமியின் டி.என்.ஏ. சேதப்பட்டால் அபாய மணி அடிக்கும்; வைரஸை உறங்க வைக்கும் சிஐ புரதம் அறுபடும்; வைரஸ் விழித்துத் தன்னைப் பெருக்கும்போது நச்சையும் சேர்த்துப் பெருக்கி, கிருமியை வெடிக்க வைத்து வெளியேறும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் சேதப்படுத்துவது அந்த டி.என்.ஏ.வைத்தான். கிருமி சாகிறது, நச்சு கொட்டுகிறது. பிள்ளைகளுக்கு இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீரகம் நின்றுபோகும் நிலை வரலாம். பேதியை நிறுத்தும் லோப்பராமைடு மாத்திரையும் இந்த நேரத்தில் கூடாது, நச்சைக் குடலுக்குள்ளேயே தேக்கிவிடும்.

அதே இரத்தபேதி ஷிகெல்லாவால் வந்தால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். பார்த்தால் இரண்டும் ஒன்று போலிருக்கும். மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்காமல் வீட்டில் முடிவு செய்ய வழியே இல்லை.

2011-இல் ஜெர்மனியில் ஓ104 ஈ.கோலை பரவி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 800-க்கும் அதிகமானோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. குடலில் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டும் ஒரு சாதாரண வகை, ஷிகா நச்சு வைரஸை வாங்கிக்கொண்டதால் இப்படி மாறியது. அது வந்த வழி பச்சையாகச் சாப்பிட்ட வெந்தய முளை. நம் சமையலில் தாளிக்கும் வெந்தயத்துக்கு இதில் பயமில்லை. முளைகட்டி வேகவைக்காமல் சாப்பிடுவதில்தான் இருக்கிறது. முளைகட்டும் ஈரமும் இளஞ்சூடும் கிருமிக்கும் ஏற்றவை, விதைக்குள் புகுந்ததைக் கழுவி எடுக்கவும் முடியாது.

பெருகும் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. வெதுவெதுப்பான உணவில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரு கிருமி நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். ஆறு மணி நேரத்தில் 2,62,144. காலை ஆறு மணிக்குக் கட்டிய நாசி லெமாக்கைப் பத்து மணிக்கு மேல் வைக்காதீர்கள் என்பதற்கு இதுவே காரணம். 5 முதல் 60 டிகிரி வரை ஆபத்தான இடைவெளி. பெரிய அண்டாவில் சாம்பாரை அப்படியே ஆறவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் அந்த இடைவெளியில் கிடக்கும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள். மறுபடி சூடாக்கினால் நடுவில் 75 டிகிரி தொட வேண்டும். கொழுப்பு நிறைந்த உணவில் சால்மொனெல்லா வயிற்று அமிலத்திலிருந்து தப்பும். சாக்லேட்டில் பரவிய நோய்களில் மிகச் சில கிருமிகளே போதுமாயிருந்தன. தேங்காய்ப்பால் ஊற்றியதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நோய் வந்துவிட்டால் முதலில் தண்ணீர். காலரா நச்சு குடல் செல்லின் ஒரு விசையை "திற" நிலையில் பூட்டிவிடுகிறது. குளோரைடு வெளியே போக, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் இன்னொரு வாசலை நச்சு தொடுவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் பிழைக்க வைப்பது அந்த வாசல் வழியாக. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டே முதல் தேர்வு, அதன் உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். இல்லாதபோது கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. குவித்து அள்ளக் கூடாது: சர்க்கரை கூடினால் அதுவே தண்ணீரைக் குடலுக்கு இழுத்துப் பேதியைக் கூட்டும், உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஐசோடோனிக் பானத்தில் சர்க்கரை மிகுதி, சோடியம் குறைவு, இதற்கு ஈடாகாது. இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக. 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சத்தை வைக்காதீர்கள். கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

கிளினிக்குப் போகும்போது மாதிரியை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே கொடுங்கள். சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்காமல் சுத்தமான டப்பாவில் எடுக்க வேண்டும். ஷிகெல்லா மலத்தில் விரைவில் செத்துவிடும்; இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேரவில்லையென்றால் கிருமியைச் சாகாமல் காக்கும் கேரி-பிளேர் குழாய் கேளுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனால் அந்த மாதிரியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், விப்ரியோ குளிரைத் தாங்காது. மருத்துவரிடம் இரத்தம் உண்டா, காய்ச்சல் எத்தனை நாள், கேஸ்டிரிக் மாத்திரை போடுகிறீர்களா, வீட்டில் மிச்சமிருந்த மருந்து எதையாவது ஏற்கனவே விழுங்கிவிட்டீர்களா என்பதைக் கேட்காமலேயே சொல்லுங்கள். ஒரே விருந்தில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலரா, டைஃபாய்டு, சீதபேதி, உணவு நச்சு ஆகிய எல்லாமே 1988 தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் சுகாதார அலுவலகத்துக்கு மருத்துவர் தெரிவிக்க வேண்டியவை. அவர்கள் தேடி வரும்போது அந்தச் சாப்பாட்டின் மிச்சம் இருந்தால் கொட்டாமல், மூடிக் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள்.